முதலில் செத்தது எலி

1896-ஆம் வருடத்து மழைக்காலம். பம்பாயில் மாண்ட்வி என்று ஒரு பேட்டை. துறைமுகத்தை ஒட்டி இருப்பதால் தானிய மண்டிகள் அத்தனையும் அங்கேதான். கீழே மூட்டை, அதன் மேல் மூட்டை, மாடியில் ஒரு குடும்பம், அதற்கும் மேல் இன்னொரு குடும்பம். சுற்றியுள்ள வியாபாரிகளில் பலர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மனம் வராத ஜைனர்கள். எலிகளுக்கு இதைவிட சொகுசான முகவரி ஆசியாவில் எங்கே கிடைக்கும்? அப்படி ராஜபோகமாக வாழ்ந்த எலிகள் திடீரென்று பட்டப்பகலில் வெளியே வந்து, குடிகாரன் மாதிரித் தள்ளாடி, நட்டநடுத் தெருவில் விழுந்து செத்தன. ஒன்றிரண்டு அல்ல, கும்பல் கும்பலாக.

ஊர் என்ன செய்தது? மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனது.

அன்றைய பம்பாயின் கெத்து அப்படி. எட்டு லட்சத்துக்கும் மேல் ஜனத்தொகை, பருத்தி மில்கள், குதிரை டிராம், விக்டோரியா டெர்மினஸ். 1893-இல்தான் மாநகராட்சிக்கு ஒரு மாளிகை கட்டி முடித்திருந்தார்கள். அதன் முகப்பு உச்சியில் சிறகு விரித்த ஒரு கல் அம்மணி. அவள் யார் தெரியுமா? 'இந்தியாவின் முதல் நகரம்' என்ற பட்டத்தின் உருவமாம். பட்டத்தை பம்பாய் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம். இப்படிப்பட்ட ஊருக்குக் கொள்ளைநோய் வருமா? வந்தாலும் மாநகராட்சியில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டுதானே வரும்!

செப்டம்பர் 23. மாநகராட்சி நிலைக்குழுவில் அகாசியோ வீகாஸ் என்ற கோவாக்கார டாக்டர் எழுந்தார். மாண்ட்வியில் தான் பார்த்த நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சல், அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறிகட்டி, சில நாளில் மரணம். "இது பிளேக்" என்றார். அவையில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று யாரோ சொன்ன மாதிரி.

அதிகாரிகளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல நா எழவில்லை. பிளேக் என்று ஒப்புக்கொண்டால் ஐரோப்பியத் துறைமுகங்கள் பம்பாய்க் கப்பலைத் திருப்பி அனுப்பும், பருத்தி தேங்கும், வியாபாரம் படுக்கும். ஆகவே கொஞ்ச நாளைக்கு அது வெறும் 'காய்ச்சல்' ஆகவே இருந்தது. நோய்க்குப் பெயர் வைப்பதில் இவர்கள் தயங்கிய அந்த இடைவெளியில், நோய் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

இதில் ஒரு கூத்து. பிளேக் கிருமியை இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1894-இல், ஹாங்காங்கில் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து போன யெர்சின் ஒரு பக்கம், ஜப்பானின் கிட்டசாட்டோ இன்னொரு பக்கம். 'நான்தான் முதலில் பார்த்தேன்' என்பதில் உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. அங்கேயும் எலிகள் செத்துக் கிடந்ததை யெர்சின் குறித்து வைத்திருந்தார். ஆனால் எலியிடமிருந்து மனிதனுக்கு அது எப்படி வருகிறது? அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை.

சரி, நோய் வந்தாகிவிட்டது. அடுத்து நடவடிக்கை! பம்பாயின் முனிசிபல் கமிஷனர் பெயர் ஸ்னோ. (லண்டனில் 1854-இல் காலராவுக்குக் காரணம் தண்ணீர் என்று காட்டி, குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த புகழ்பெற்ற டாக்டர் ஸ்னோ இவர் அல்ல. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) நோய் அழுக்கிலிருந்து, நாற்றத்திலிருந்து, மண்ணிலிருந்து கிளம்புகிறது என்பதே அப்போதைய பெரிய மனிதர்களின் நம்பிக்கை. எனவே கடல்நீரையும் கார்பாலிக் அமிலத்தையும் கலந்து ஊரின் சாக்கடைகளுக்குள் வெள்ளமாகப் பாய்ச்சினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்கு மருந்து. இருட்டான வீட்டுக்குள் வெயில் விழவேண்டும் என்று கூரை ஓட்டையே பிரித்து எடுத்தார்கள்.

இப்போது சாக்கடைக்குள் குடியிருந்த எலியின் நிலையில் நின்று பாருங்கள். மேலிருந்து கார்பாலிக் அருவி கொட்டுகிறது. என்ன செய்யும்? மூட்டை முடிச்சோடு, அதாவது உடம்பில் ஒட்டிய தெள்ளுப்பூச்சியோடு, நேராகப் பக்கத்து வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அரசு செலவில் இடமாற்றம்!

அக்டோபரில் ஸ்னோ இன்னொரு உத்தரவு போட்டார்: நோயாளிகளைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், வீட்டைக் காலி செய்யலாம். ஊர் கொதித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதே அபூர்வமாக இருந்ததால், அங்கே ஆளைக் கொல்கிறார்கள் என்று ஜனங்கள் முடிவு கட்டியதில் ஒரு லாஜிக் இருந்தது. மாதக் கடைசியில் மில் தொழிலாளிகள் சுமார் ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிக்குள் புகுந்து தாக்கினார்கள்.

ஆனால் கமிஷனரைப் பணிய வைத்தது அந்தக் கலவரம் மட்டுமல்ல. துப்புரவுத் தொழிலாளிகள் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது! கவர்னர் ஊரில் இல்லாவிட்டால் ஊர் நடக்கும். கமிஷனர் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக நடக்கும். கக்கூஸ் அள்ளுகிறவர்கள் ஒரு வாரம் இல்லாவிட்டால்? ஸ்னோ உத்தரவைத் தளர்த்தினார். அவர்கள் போய்விட்டால் பம்பாயே வாழத் தகுதியற்றதாகிவிடும் என்று தன் அறிக்கையில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார். தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகச் சொல்லப்பட்ட மனிதர்களுக்கு, ஒரு பிரிட்டிஷ் கமிஷனர் எழுத்துமூலம் கொடுத்த சர்டிபிகேட் அது. சம்பளம் உயர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ரயிலில், படகில், மாட்டு வண்டியில், நடந்து. 1897 பிப்ரவரிக்குள் ஊரில் ஏறக்குறைய பாதி காலி. மில் ஓட ஆள் இல்லை. அதுவரை தொழிலாளியின் சம்பளத்தை வாரக்கணக்கில் இழுத்தடித்துக் கொடுத்துவந்த மில் முதலாளிகள், தெருமுனைகளில் வந்து நின்று ஆளை ஏலம் எடுத்தார்கள். அன்றன்றைக்குக் கூலி, அதுவும் ரொக்கம்! ஒரு மில்காரர் ஒரு தொகை சொல்ல, அடுத்த மில்காரர் அதற்கு மேலே சொல்ல, நடுவில் நின்ற தொழிலாளி யார் பக்கம் போகலாம் என்று யோசிக்க... எந்த யூனியனாலும் அதுவரை செய்ய முடியாததை ஒரு எலி செய்து காட்டியது. நோய் தணிந்ததும் முதலாளிகளுக்குப் பழைய ஞாபகம் திரும்பிவிட்டது.

சிவிலியன்களால் ஆகவில்லை, ராணுவத்தைக் கூப்பிடு! 1897 மார்ச்சில் பிளேக் கமிட்டித் தலைவராக வந்தார் பிரிகேடியர் ஜெனரல் கேட்டேக்கர். தூங்காத மனிதர். தானும் தூங்கமாட்டார், சுற்றி இருப்பவர்களையும் விடமாட்டார். கேட்டேக்கர் என்ற பெயரைக் கொஞ்சம் திருகி, 'பேக் ஏக்கர்', முதுகுவலி ஜெனரல், என்று அவருடைய சிப்பாய்களே கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகச் சோதனை. ரயில்வே ஸ்டேஷன்களில் பயணிகளை வரிசையில் நிறுத்தி அக்குளைத் தடவிப் பார்த்தார்கள். வாழத் தகுதியற்றது என்று முடிவான வீட்டின் சுவரில் மூன்று ஆங்கில எழுத்து: யு.ஹெச்.ஹெச். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த மூன்று எழுத்தின் அர்த்தம் ஊருக்கே தெரிந்திருந்தது.

நோயாளியை ஒளித்து வைப்பது ஒரு கலையாக வளர்ந்தது. கேட்டேக்கர் முரடர்தான், முட்டாள் இல்லை. சமூகத் தலைவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். "எங்கள் ஆட்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரி என்றால் வருவோம்" என்றார்கள். அப்படியே ஆகட்டும்! பார்சிகளுக்குத் தனி, பாட்டியாக்களுக்குத் தனி, கோஜாக்களுக்குத் தனி, ஜைனர்களுக்குத் தனி. சாதியும் மதமும் பார்த்துப் பார்த்து, ஊரெங்கும் ஓலையும் மூங்கிலுமாக ஆஸ்பத்திரிகள் முளைத்தன. கிருமி மட்டும் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஜாதி சர்டிபிகேட் காட்டாமல் போய்வந்தது.

வாட்ஸ்அப் இல்லாத காலம் என்றா நினைக்கிறீர்கள்? அந்தக் குறையே தெரியவில்லை. 1896 அக்டோபரில் பம்பாயில் இருந்த விக்டோரியா மகாராணியின் பளிங்குச் சிலைக்கு யாரோ தார் பூசி, செருப்பு மாலை போட்டுவிட்டுப் போனார்கள். (யாரோ என்ன, புனேயின் தாமோதர் சாபேகர்தான். அடுத்த ஜூனில் புனே பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட அதே ஆள்.) உடனே வதந்தி: மகாராணிக்குக் கோபம் வந்துவிட்டது, பழிக்குப் பழியாக இந்தியர்களின் ஈரலைக் கேட்டிருக்கிறாள், ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் எடுத்து அனுப்புகிறார்கள்! லண்டனில் பாவம், அந்தப் பாட்டி ஆட்சிக்கு அறுபது வருடம் நிறைந்ததைக் கொண்டாட டிரஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு களேபரத்துக்கும் நடுவில் கிராண்ட் மெடிக்கல் காலேஜின் ஒரு அறையிலும் அதை ஒட்டிய வராந்தாவிலும் ஒரு மனிதர் நெய்யை வைத்து என்னமோ செய்துகொண்டிருந்தார். வால்டெமார் ஹாஃப்கின். ரஷ்ய சாம்ராஜ்யத்தின் ஒடெசாவில் பிறந்த யூதர். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். பிளேக் கிருமியை வளர்க்க, குடுவையில் சூப்பு மாதிரியான திரவத்தை ஊற்றி, அதன் மேல் கொஞ்சம் நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளியின் அடியைப் பிடித்துக்கொண்டு கிருமிகள் விழுது விழுதாகக் கீழே தொங்கி வளர்ந்தன. ஆட்டினால் உதிரும், மறுபடி வளரும். கடைசியில் சூடாக்கிக் கொன்று ஊசியில் ஏற்றினால் தடுப்பு மருந்து. அல்வா கிண்டுகிற ஊரில் யாருக்கும் இந்த ஐடியா வரவில்லை, ஒடெசாக்காரருக்கு வந்தது.

1897 ஜனவரி 10. மருந்தை யாருக்குப் போட்டுப் பார்ப்பது? ஹாஃப்கின் சட்டையைக் கழற்றினார். மற்றவர்களுக்குப் பிறகு கொடுத்ததைவிடப் பெரிய டோஸைத் தனக்கே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி. ஆனால் சாகவில்லை. அடுத்து பைகுல்லா சிறைச்சாலைக் கைதிகளில் முன்வந்தவர்களுக்குப் போட்டார்கள். அங்கேயும் பலன் தெரிந்தது. இருந்தும் ஊர் நம்பவில்லை. அப்போது இருபது வயதுகூட ஆகாத, கோஜாக்களின் குருவான ஆகாகான், தன் ஜனங்கள் கண்முன்னே, கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை. குரு போட்டுக்கொண்டால் நாமும் போட்டுக்கொள்ளலாம் என்று கூட்டம் வந்தது. இன்றைக்கு நடிகர்களை வைத்து விளம்பரம் எடுக்கிற சுகாதார இலாகாக்கள் ஆகாகானுக்கு ராயல்டி கொடுக்க வேண்டும்.

இனி நம் எலிக்கு வருவோம். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் யெர்சினுக்குப் பிறகு பால் லூயி சிமோன் என்ற இன்னொரு டாக்டரை பம்பாய்க்கு அனுப்பியது. மற்றவர்கள் சாக்கடையை முகர்ந்துகொண்டிருந்தபோது, இவர் நோயாளியின் காலில் இருந்த ஒரு சின்னக் கொப்புளத்தை உற்றுப் பார்த்தார். பூச்சிக்கடி! எலி மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி, எலி செத்ததும் சூடான உடம்பு தேடி மனிதன் மேல் தாவுகிறது என்று கணக்குப் போட்டார். 1898 ஜூன் 2. கராச்சியில் ஒரு ஹோட்டல். பெரிய கண்ணாடி ஜாடி. உள்ளே நோய்வாய்ப்பட்ட ஓர் எலி. தெள்ளுப்பூச்சி போதவில்லை என்று ஒரு பூனையிடமிருந்து கடன் வாங்கி விட்டார். கம்பி வலைக்கூட்டுக்குள் ஆரோக்கியமான இன்னொரு எலி. இரண்டும் தொட்டுக்கொள்ள வழியில்லை, தெள்ளுப்பூச்சிக்கு மட்டும் வழி உண்டு. முதல் எலி செத்தது. சில நாளில் இரண்டாவதும் பிளேக்கிலேயே செத்தது. அன்றைக்கு அந்த ஹோட்டல் அறையில் மனிதகுலத்தின் ஒரு பெரிய ரகசியம் உடைந்தது. ஹோட்டல்காரர் அறிந்திருந்தால் அன்றே ரூமைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்.

சிமோன் கட்டுரை எழுதினார். உலகம் சிரித்தது. பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்திய பிளேக் கமிஷன், கனவான்கள் நிறைந்த அந்தச் சபை, ஊர் ஊராகச் சுற்றி சாட்சிகளை விசாரித்து, தலையணை தலையணையாக அறிக்கை வெளியிட்டு, சிமோனின் தெள்ளுப்பூச்சியைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று ஒதுக்கியது. ஒரு பிரெஞ்சுக்காரன், ஒரு பூனை, ஒரு ஜாடி! இவர்கள் சொல்லி பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் கேட்பதா?

சாம்ராஜ்யம் காற்றை நம்பியது. 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் உருவானது. கடல்காற்று ஊருக்குள் வீசினால் நோய் ஓடிவிடும் என்று, நெரிசலான பேட்டைகளின் நெஞ்சைப் பிளந்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோடும் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டும் போட்டார்கள். காற்று வந்தது. தெள்ளுப்பூச்சிக்குக் காற்றைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லை. வீடு இடிந்த ஏழைகளோ, இடியாத சால்களில், அதாவது ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில், இன்னும் நெருக்கிக்கொண்டு குடியேறினார்கள்.

இருந்தாலும் டிரஸ்டை ரொம்பத் திட்டவும் மனசு வரவில்லை. வடக்கே வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளை அளந்து, மரம் வைத்து, தெரு போட்டு, மனை பிரித்ததும் அதே டிரஸ்ட்தான். பிறகு சென்னையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் பண்ணிவிட்டு ரயிலேறிய நம் ஆட்கள் மாட்டுங்காவில்தான் பெட்டியை இறக்கினார்கள். பஜனை சமாஜம், வாழையிலைச் சாப்பாடு, மல்லிகைப்பூ, டிகிரி காபி எல்லாம் வந்தன. ஆக, மாட்டுங்காவின் முதல் ஸ்பான்சர் யார் என்று கேட்டால் மாண்ட்வியில் செத்த எலிதான்.

தெள்ளுப்பூச்சி விஷயத்துக்கு முடிவு? 1905-க்குப் பிறகு வேறொரு குழு பம்பாய் பரேலில் குடிசைகள் கட்டி ஒழுங்காகச் சோதித்தது. சாணி மெழுகிய தரையால் வருகிறதா? இல்லை. பிளேக் தெள்ளுப்பூச்சி திரியும் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே கூண்டில் தொங்கவிட்ட கினி பன்றிகளுக்கு நோய் வந்தது. இரண்டு அடி உயரத்தில் தொங்கியவற்றுக்கு வரவில்லை. தெள்ளுப்பூச்சியால் அவ்வளவு உயரம் தாவ முடியாது! எட்டு வருடம் கழித்து சிமோன் பாஸ். இந்த ஆராய்ச்சி நடந்த பரேல் வளாகம் எது தெரியுமா? பழைய கவர்னர் மாளிகை. 1882-இல் கவர்னர் ஃபெர்குசனின் மனைவி அங்கே காலராவில் இறந்துபோக, பின்னால் கவர்னர்கள் மலபார் ஹில்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நோய்க்குப் பயந்து பெரியவர்கள் காலிசெய்த பங்களாவில் நோய்க்கிருமியை வாடகையில்லாமல் குடிவைத்தார் ஹாஃப்கின்.

அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1902 அக்டோபர் 30-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். புட்டியைத் திறந்த இடுக்கியை உதவியாளர் கீழே போட்டு, தீயில் காட்டாமல் கார்பாலிக்கில் ஒரு முக்கு முக்கி மறுபடி உபயோகித்திருக்கிறார். பழி விழுந்தது நூற்றுக்கணக்கான மைல் தள்ளி பம்பாயில் இருந்த ஹாஃப்கின் தலையில். வேலை போனது. ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் லண்டன் பத்திரிகையில் கடிதம் எழுதிச் சண்டை போட்டபிறகு, 1907-இல் குற்றமற்றவர் என்றார்கள். 1925-இல் பரேல் ஆய்வகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இடைப்பட்ட வருடங்களுக்கு யாரும் அரியர்ஸ் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கேட்டேக்கர்? பம்பாயின் ஒவ்வொரு சந்தையும் சல்லடை போட்டுத் தேடிய அந்த ஜெனரல், 1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஸ்டார்ம்பெர்க்கில் இரவோடு இரவாகப் படையை நடத்திப் போனார். இருட்டில் வழி தப்பியது. தோற்றுத் திரும்பும்போது அறுநூறுக்கும் மேற்பட்ட சொந்த ஆட்களை மலை மேலேயே மறந்துவிட்டு வந்தார். வீகாஸுக்கு மெட்ரோ சினிமா அருகே சிலை இருக்கிறது. எலிக்கு இல்லை. மாநகராட்சி எலிக்கென்று இரவு ஷிப்ட் ஆட்களைத்தான் வைத்தது. கையில் டார்ச்சும் தடியும், ஒரு ராத்திரிக்கு 30 எலி டார்கெட். வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

இந்தியா முழுக்க அந்த பிளேக் அடுத்த முப்பது வருடங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பம்பாய் பீதியில் அவசர அவசரமாக எழுதிய கொள்ளைநோய்ச் சட்டம் 1897 பிப்ரவரியில் நிறைவேறியது. மொத்தம் நாலே பிரிவு. நாலாவது பிரிவு ரொம்ப ருசியானது: இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு எதைச் செய்திருந்தாலும் யார் மீதும் வழக்குப் போட முடியாது. சாக்கடையில் கார்பாலிக் ஊற்றியவர், ஓட்டைப் பிரித்தவர், அக்குளைத் தடவியவர் என எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மத்திய அரசு மாநிலங்களுக்கு எடுத்துக்கொடுத்ததும் அதே சட்டத்தைத்தான்.